பணம் என்றைக்கு வரும், தேதியைச் சொல்லுங்கள்: திருப்பூர் ஏற்றுமதி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்றுமதி நிறுவன முதலாளிகளுக்கும், அங்கே அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கும்,

வணக்கமுங்க. திருப்பூர் 15 வேலம்பாளையம் பகுதியில், உங்களிடம் வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப்வொர்க் வேலைக்குச் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். பவர் டேபிள், ஓவர்லாக், பிளாட்லாக் என்று தையல் மெஷின் எல்லாம் சேர்த்து ஒரே லைன். குழந்தைகள் டி-ஷர்ட்டும் பைஜாமா செட்டும் மட்டும்தான் எடுப்போம். சீசனில் ஹூடி, போலோ என்று எது வந்தாலும் வாங்கிப்போட்டுக்கொள்ளும் பழக்கம் கிடையாது. டெய்லர்களின் கை ஒரே வேலைக்குப் பழகிவிட்டதால் பிரித்துத் திரும்பத் தைக்கும் ஆல்டர் கம்மி, ராத்திரி வேலையும் கம்மி. அதனால் வேலை விஷயத்தில் உங்களோடு எனக்குப் பெரிய தகராறு இல்லை. பில்லுக்குப் பணம் என்றைக்கு வரும் என்று தெரியாமல் இருக்கிறோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் சனிக்கிழமை சம்பளம். டெய்லருக்கும் உதவிக்கு இருக்கும் கைமடிப் பெண்களுக்கும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் திங்கட்கிழமை பக்கத்து யூனிட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே வியாழக்கிழமையே போனைக் கையில் எடுத்துவிடுவேன். எல்லா கம்பெனியிலும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான். "அக்கா, செக் ரெடி, சைன் மட்டும்தான் பாக்கி." "முதலாளி வெளியூர் போயிருக்கார்க்கா." "உங்க பில் இன்னும் டேலியில ஏறல." "குவாலிட்டியில இருந்து ஓகே வரட்டும்." பீஸ் கப்பல் ஏறி மாசமான பிறகும் குவாலிட்டி ஓகே வரவில்லை என்பார்கள். கேட்டுக்கொள்வேன், வேறு என்ன செய்ய?

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. லைனில் சைஸ் லேபிள் மாறுகிறதா, நூல் கலர் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டிய ஆள் நான். அந்த நேரத்தில் உங்கள் ஆபீஸுக்குப் போன் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன். லேபிள் மாறினால் என் பில்லில் பணம் பிடிக்க டெபிட் நோட் போடப்போவதும் நீங்கள்தான். வேலையில் கண்ணாக இருங்கள் என்று உங்கள் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பி சொல்லும்போது, முதலில் என் போனை நிறுத்துங்கள் சாமி என்று சொல்லத் தோன்றும்.

சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. புகார் சொல்ல அரசாங்கத்தின் இணையதளம் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்த யூனிட்டுக்கு அடுத்த ஆர்டர் எங்கிருந்து வரும்? நீங்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அதனால் அந்த வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு, கேட்டு வாங்கியவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அப்புறம் வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்தது. குறுசிறு யூனிட்டுக்குக் கெடு தாண்டி நிலுவை வைத்தால், அந்தத் தொகையைப் பணம் கொடுத்த வருஷத்தில்தான் கம்பெனி தன் வரிக்கணக்கில் செலவாகக் காட்டலாம். 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறைக்கு வந்ததும் ரொம்ப சந்தோஷப்பட்டோம். நடந்தது என்னவென்றால், மார்ச் கடைசி வாரம் மட்டும் போன் பண்ணாமலே பணம் வருகிறது. ஏப்ரலில் போட்ட பில்லை அடுத்த மார்ச் 31க்குள் கொடுத்தால் வரியில் நஷ்டமில்லை என்று உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும். இந்தக் கெடுவே வேண்டாம் என்று, உத்யம் நம்பர் (குறுசிறு தொழில் பதிவு) இல்லாத யூனிட்டாகப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். பில் போட்டுவிட்டால் பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஜிஎஸ்டியை நான் கட்டியாக வேண்டும். உங்களிடமிருந்து வராத காசுக்கு அரசாங்கத்துக்கு நான் முன்பணம் கொடுக்கிறேன்.

உங்கள் கஷ்டமும் தெரியாமல் இல்லைங்க. வெளிநாட்டு பையர் 90 நாள், 120 நாள் என்று இழுக்கிறார். நூல் விலை ஏறுகிறது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, 2020 ஊரடங்கு என்று அடி வாங்காத வருஷம் எது? ஆனால் உங்களுக்கு ஆர்டரைக் காட்டினால் வங்கியில் பேக்கிங் கிரெடிட் என்ற கடன் கிடைக்கும். எனக்கு அடகு வைக்க நகைதான்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கம்பெனி முதலாளி தானே போன் பண்ணினார். "அம்மா, பையர் சரக்கை நிறுத்தி வெச்சிருக்கான். உங்க பில்லுல பாதி இந்த வாரம் தர்றேன், மீதி பொங்கல் முடிஞ்சுதான். நடுவுல கேட்டா என்கிட்ட இருக்காது." கேட்டதும் வயிறு கலங்கியது உண்மை. ஆனால் அன்றைக்கே வளையலை அடகு வைத்தேன், எத்தனை மாசத்துக்கு வைக்கிறோம் என்று தெரிந்து வைத்தேன். ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன். அதே மாசம் இன்னொரு இடத்தில் "திங்கட்கிழமை கண்டிப்பா" என்று வாரா வாரம் சொன்னார்கள். தொகை சின்னதுதான். என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

யூனிட்காரர்கள் டீக்கடையில் கூடினால் டாலர் ரேட் பேசுவோம், டெய்லர் கிடைக்காததைப் பேசுவோம். ராத்திரி மூணு மணிக்கு முழித்துக்கொண்டு கூட்டல் கழித்தல் போடுவதை யாரும் பேசமாட்டார்கள். நாற்பது வயதில் பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் எங்களில் நிறைய. மனசு தாங்கவில்லை என்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், நல்ல ஏற்பாடு, தேவைப்படுகிறவர்கள் கூச்சப்படாமல் பேசுங்கள். ஆனால் அங்கே பேசுகிற தங்கையால் என் பில்லைப் பாஸ் பண்ண முடியாதே! கூட்டங்களில் மைக் பிடித்து எங்களுக்குப் பாசிட்டிவ் திங்கிங் சொல்லித் தருகிற சிலரிடம் என் பில் நிலுவையில் இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பொய்யும் ஊரறிந்தது. பீஸ் செக்கிங் டேபிளில் கிடக்கும், யூனிட்காரர்கள் "வண்டி கிளம்பிடுச்சு" என்பார்கள். அதனால் உங்கள் கண்டெய்னர் தவறும், ஏர் ஃபிரெயிட் போட்டு விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். நான் முடியாத தேதிக்குத் தலையாட்டுவதில்லை. அதனால் சில ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கிறது, பரவாயில்லை.

உங்களிடம் கேட்பது ரேட்டை ஏற்றச் சொல்லி அல்ல. கட்டிங் பீஸ் அனுப்பும்போது கூட வருகிற டெலிவரி சலானில், பீஸ் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே பணம் தரும் தேதியையும் எழுதுங்கள். 30 நாளோ 45 நாளோ, உங்களால் முடிந்த தேதியாக இருக்கட்டும். தள்ளிப்போகும் என்று தெரிந்தால் ரெண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டேன். டெபிட் நோட் போடுவதாக இருந்தால் சரக்கு வந்த வாரமே அந்த பீஸைக் காட்டிப் போடுங்கள், மூணு மாசம் கழித்துப் பில்லில் கழிக்காதீர்கள். இதை எழுதித் தருகிற கம்பெனிக்கு என் லைனில் முதல் இடம். சீசன் நேரத்தில் அதற்கு என்ன மதிப்பு என்று உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரைக் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜாப்வொர்க் யூனிட்காரி,
15 வேலம்பாளையம், திருப்பூர்