திரையில் நகர்கிற பல் வாயிலும் நகர வேண்டுமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், பல்மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறைகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, கம்பி இல்லாமல் பல்வரிசையைச் சீராக்கும் அலைனர் சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். போட்டிருப்பது வெளியே தெரியாது, சாப்பிடும்போது கழற்றிக்கொள்ளலாம், செலவு இவ்வளவு ஆகும் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பிளாஸ்டிக் உறைகள் எந்தப் பல்லை எவ்வளவு தூரம், எந்த வரிசையில் நகர்த்த வேண்டும் என்று திட்டம் போடுவது யார், அவருக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது மட்டும் கட்டுரையில் இல்லை. நான் மதுரையில் பல் சீரமைப்பு மருத்துவர். ஒரு கல்லூரியில் எம்.டி.எஸ். என்கிற பல் மருத்துவ மேற்படிப்பு மாணவர்களுக்குப் பகுதிநேரமாகப் பாடமும் எடுக்கிறேன். கிளினிக்கிலும் வகுப்பிலும் பார்ப்பதை வைத்து இதை எழுதுகிறேன்.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் வந்தார். தூக்கலாக இருந்த முன்பற்களை உள்ளே கொண்டுவர வேறோர் ஊரில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று பல்லை எடுத்துவிட்டு அலைனர் கொடுத்திருந்தார்கள். அவர் மேல் குறை சொல்ல முடியாது. நாளுக்கு 22 மணி நேரம் போட வேண்டும் என்றால் அப்படியே போட்டிருக்கிறார். முன்பற்களும் உள்ளே போயிருந்தன. ஆனால் கடித்துக் காட்டச் சொன்னால் மேல்வரிசை கீழ்வரிசையை முழுக்க மறைத்தது. கடைவாயில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே இல்லை. கடி பார்க்கிற நீலத் தாளைப் பின்பக்கம் வைத்து இழுத்தேன், தடையே இல்லாமல் கையோடு வந்தது. "இட்லி, தோசைன்னா ஓட்டிடுறேன் டாக்டர். சப்பாத்தியை மெல்ல முடியலை" என்றார். எக்ஸ்ரேயில் பார்த்தால், பல் எடுத்த இடைவெளியைப் பார்த்துக் கடைவாய்ப் பற்கள் சாய்ந்து கிடந்தன. முன்பற்களின் மேல்பாகம் உள்ளே வந்திருந்தது, வேர்கள் கூட வரவில்லை. சிகிச்சைக்கு முன்பு அந்தக் கிளினிக்கில் காட்டிய வீடியோ அவர் செல்போனிலேயே இருந்தது. அதில் அத்தனை பல்லும் நிமிர்ந்தபடியே நகர்ந்து, அழகாகப் போய்ச் சேர்ந்துகொள்கின்றன.

இது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பல்லின் பெரும்பகுதி எலும்புக்குள் இருக்கிறது. நாங்கள் விசை கொடுக்க முடிவது வெளியே தெரிகிற மேல்பாகத்தில் மட்டும்தான். மண்ணில் ஊன்றிய வேலிக்கம்பை உச்சியில் பிடித்துத் தள்ளினால் அது இடம்பெயராது, சாயும். பல்லும் அப்படித்தான். சாயாமல் முழுதாக நகர வேண்டுமானால், தள்ளுகிற விசையோடு வேரையும் சேர்த்துக் கொண்டுபோகிற எதிர்த்திருப்பம் ஒன்றும் வேண்டும். மோமென்ட் என்று வகுப்பில் சொல்வோம். கிராம், மில்லிமீட்டர் கணக்கில், தள்ளுகிற விசையைப் போல அது ஏறக்குறைய பத்து மடங்கு இருக்க வேண்டும். கம்பி வைத்தியத்தில், பல்லில் ஒட்டுகிற பிராக்கெட்டின் பள்ளமும் அதற்குள் உட்காருகிற கம்பியும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறைக்கு அப்படிப்பட்ட பிடி கிடையாது. பல் எடுத்த இடத்தில் உறைக்குள் பல்லே இல்லை என்பதால் அந்த இடத்தில் அது வளைந்துகொடுக்கும். அனுபவப்பட்டவர் இதையெல்லாம் முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்துவிடுவார். கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வைப்பார், முன்பல்லின் வேருக்குக் கூடுதல் திருப்பம் கொடுப்பார், அட்டாச்மென்ட் என்கிற பல் நிறத்துப் பசைப் புடைப்புகளை எங்கே, எந்தக் கோணத்தில் ஒட்டுவது என்று முடிவு செய்வார். திரையில் பார்த்தால் அந்தத் திட்டத்தின் கடைசிப் படம் கோணலாகக்கூட இருக்கும். வாயில் நேராக முடிய வேண்டும் என்பதற்காகவே அப்படி.

திட்டம் போடவும் வீடியோ காட்டவும் பயன்படுகிற மென்பொருளுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. மவுசைப் பிடித்து இழுத்தால் எந்தப் பல்லும் எங்கே வேண்டுமானாலும் போகும். சிலவற்றில் இப்போது ஸ்கேனிலிருந்து எடுத்து வேரையும் எலும்பையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனாலும் விசையைப் பற்றி யோசிக்க வேண்டியவர் மருத்துவர். 2009-ல் அமெரிக்கப் பல் சீரமைப்பு (ஆர்த்தோடான்டிக்) இதழில் ஓர் ஆய்வு வந்தது. திரையில் காட்டியபடி முன்பற்கள் வாயில் எவ்வளவு நகர்ந்தன என்று அளந்து பார்த்ததில் சராசரி 41 சதவீதம். பல்லைக் கீழே இறக்குவது, அதாவது எலும்பிலிருந்து வெளிப்பக்கமாக இழுப்பது, 30 சதவீதம்கூடத் தேறவில்லை. பிளாஸ்டிக்கும் மென்பொருளும் எவ்வளவோ முன்னேறிய பிறகு 2020-ல் மறுபடியும் அளந்தார்கள். அப்போதும் 50 சதவீதம்தான். அலைனர் ஏமாற்று வேலை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நானே போடுகிறேன். லேசான நெரிசலுக்கும் சின்ன இடைவெளிகளுக்கும் அது அருமையாக வேலை செய்கிறது, பல் தேய்ப்பதும் சுலபம். வராமல் போகப்போகிற அந்த மீதிப் பாதியை முதலிலேயே கணக்கில் எடுக்கத் தெரிந்தவர் திட்டம் போட வேண்டும், அவ்வளவுதான்.

அதைச் சொல்லிக்கொடுப்பது யார் என்று கேட்டால், இன்றைய நிலையில் பெரும்பாலும் அலைனர் விற்கிற கம்பெனிகள்தான். இதற்கு ஒரு வரலாறு உண்டு. கம்பி வைத்தியம் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தது. அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1900-ல் அங்கே செயின்ட் லூயிஸ் நகரில் அதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். (அவரும் தன் கருவிகளுக்குக் காப்புரிமை வாங்கியவர்தான். ஆனால் மாணவர்களைச் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.) கடைசிக்கட்ட நகர்த்தலுக்கு ரப்பர் உறை ஒன்றைப் பற்றி 1945-லேயே ஹரால்ட் கெஸ்லிங் என்கிற அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் எழுதிவைத்தார். இப்படி உறைகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே போனால் பெரிய நகர்த்தல்களும் ஒருநாள் சாத்தியமாகும் என்று அவர் அப்போதே ஊகித்தார். ஆனால் அதை நடத்திக் காட்டியது பல் மருத்துவக் கல்லூரி அல்ல. ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. படித்த இரண்டு பேர் 1997-ல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி. 1998-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. ஆக, பொருளும் கம்பெனியுடையது, மென்பொருளும் கம்பெனியுடையது, பாடமும் கம்பெனியுடையது என்றே தொடக்கத்திலிருந்து அமைந்துவிட்டது. 2017 தொடங்கி அந்த நிறுவனத்தின் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியானதும் புதுக் கம்பெனிகள் பெருகின. அவர்களோடு வாரஇறுதிப் பயிற்சி வகுப்புகளும் பெருகின.

அந்த வகுப்புகளுக்கு நானும் போயிருக்கிறேன். நட்சத்திர ஹோட்டல், ஏ.சி. அரங்கம். ஸ்கேன் எடுப்பது எப்படி, ஏற்றுவது எப்படி, எத்தனை கேஸ் கொடுத்தால் எந்தத் தட்டில் விலை குறையும் என்பதெல்லாம் தெளிவாகச் சொல்லித்தருவார்கள். விசை பல்லை எப்படி நகர்த்துகிறது என்கிற பயோமெக்கானிக்ஸ் பாடம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் வரும். பசி வேளையில் கேள்வி கேட்பாரும் இல்லை. சாயங்காலம் சான்றிதழோடு குரூப் போட்டோ. அடுத்த வாரம் அந்தச் சான்றிதழ் கிளினிக்கின் வரவேற்பறையில் தொங்கும். எங்கோ உட்கார்ந்திருக்கிற தொழில்நுட்பப் பணியாளர் நோயாளியைப் பார்க்காமலே வரைந்து அனுப்புகிற திட்டத்துக்கு இங்கே ஒப்புதல் பட்டனை அழுத்துவதுதான் மருத்துவரின் வேலை என்றாகிவிடுகிறது. கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. விற்பவர் விற்கத்தான் செய்வார்.

இதை எம்.டி.எஸ்.காரர்களுக்கும் பல் மருத்துவப் பட்டப்படிப்போடு நின்ற பி.டி.எஸ்.காரர்களுக்கும் நடக்கிற பங்காளிச் சண்டையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடம் பல் சீரமைப்பையே படித்துவிட்டு வருகிறவருக்கும் இதே குறைதான். எங்கள் மாணவர்கள் முதல் வருடம் முழுக்கக் கம்பி வளைக்கிறார்கள், விரல் நுனி காய்த்துப்போகும். பிறகு டைபோடான்ட் என்கிற மாதிரிப் பல்வரிசை. மெழுகில் உலோகப் பற்களைக் கோணல்மாணலாகப் பதித்து, பிராக்கெட் ஒட்டி, கம்பி போட்டு வெந்நீரில் முக்குவார்கள். மெழுகு இளகி, பல் நகரும். வளைவில் ஒரு தப்பு இருந்தாலும் பல் போகக்கூடாத பக்கம் போய் நிற்கும். விசை என்றால் என்னவென்று அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றுதான் புத்தியில் ஏறும், எனக்கும் அப்படித்தான் ஏறியது. அலைனருக்கு இதற்கு ஈடாக ஒரு பயிற்சி எத்தனை துறைகளில் இருக்கிறது? மூத்த பேராசிரியர்களுக்கு விசை தெரியும், மென்பொருளைத் திறக்கத் தயக்கம். மாணவர்களுக்கு மென்பொருள் தண்ணீர்பட்ட பாடு, விசை பிடிபடுவதில்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காருவதே அபூர்வமாக இருக்கிறது.

என் வகுப்பில் வீடியோவை ஓடவிட மாட்டேன். எந்தப் பல் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை டிகிரி என்று காட்டுகிற அட்டவணையை மட்டும் முதலில் திறப்பேன். ஒருமுறை, மேல்வரிசையில் நடுப்பல்லுக்குப் பக்கத்துப் பல்லை ஒன்றரை மில்லிமீட்டர் கீழே இறக்கும் திட்டம் ஒன்றைக் காட்டினேன். புடைப்பு எதுவும் வெளியே தெரியக்கூடாது என்று நோயாளி கேட்டுக்கொண்டதால் அந்தப் பல்லில் அட்டாச்மென்டை எடுத்துவிட்டிருந்தார்கள். "வழவழன்னு இருக்கிற பல்லை இந்த உறை எதைப் பிடித்துக் கீழே இழுக்கும்?" என்று கேட்டேன். ஒரு மாணவி, "சாஃப்ட்வேர் எச்சரிக்கை எதுவும் காட்டலையே மேம்" என்றாள். நல்ல மாணவி, கம்பி வளைப்பதில் வகுப்பிலேயே முதல். அப்புறம் கோரைப்பல்லுக்கு வந்தோம். உருண்டையான பல் அது, திருப்பப் பார்த்தால் உறை அதன்மேல் வழுக்கும். எத்தனை உறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், பக்கத்தில் இடம் விட்டுவிட்டுத் திருப்பலாமா, எவ்வளவு கூட்டித் திருப்பிவைக்கலாம் என்று பேசிப் பேசியே பொழுது போய்விட்டது. கடைசியில் அந்தத் திட்டத்தில் அவர்கள் மாற்றாத பல் குறைவு.

செலவு என்பார்கள். கல்லூரிக்கு வருகிறவர்கள் குறைந்த கட்டணத்துக்காக வருகிறவர்கள். கம்பெனி அலைனரின் விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது, அதனால் மாணவர்களுக்கு அலைனர் கேஸ் அதிகம் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால், சிகிச்சை முடிந்தபின் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கிற ரிட்டெய்னர் செய்ய பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சின்மேல் அழுத்துகிற இயந்திரம் பல துறைகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்கேனரும் 3டி பிரின்டரும் சேர்ந்தால் சிறிய கேஸ்களுக்குத் துறையிலேயே அலைனர் செய்துவிடலாம். அதுவும் இல்லையென்றால் கெஸ்லிங் காட்டிய வழி இருக்கிறது. பிளாஸ்டர் அச்சில் பல்லைப் பல்லாக அறுத்தெடுத்து, மெழுகில் நகர்த்தி வைத்து, அதன்மேல் உறை செய்யலாம். தன் கையால் அறுத்து நகர்த்தியவன் கால் மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று மறக்க மாட்டான். ஓர் உறை ஒரு பல்லை நகர்த்துவது ஏறக்குறைய அவ்வளவுதான்.

எம்.டி.எஸ். பாடத்திட்டத்துக்குப் பல் மருத்துவக் கவுன்சில் 2017-ல் விதிமுறைகள் வகுத்தது. கவுன்சிலின் இடத்துக்குப் புது ஆணையம் கொண்டுவர 2023-ல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறிவிட்டது. பாடத்திட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்க இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது. என் கோரிக்கை பெரிதல்ல. செய்முறைத் தேர்வில் கம்பி வளைக்கச் சொல்கிற மாதிரி, ஒரு டிஜிட்டல் திட்டத்தைக் கையில் கொடுத்து 'இதில் எது நடக்காது, ஏன், எப்படி மாற்றுவாய்' என்று கேளுங்கள். தேர்வில் வரும் என்றால் எந்தக் கல்லூரியும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடும். நம் ஊர் வழக்கம் அது! எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன் தேர்வாளர்களைக் கூப்பிட்டுப் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும். இன்னொன்று, பாதிச் சிகிச்சையில் மறுபடி ஸ்கேன் எடுக்கிறோம் அல்லவா, அதைத் திட்டத்தின் மேல் பொருத்தி, எது வந்தது எது வரவில்லை என்று ஒவ்வொரு துறையும் பதிவு செய்துவைக்க வேண்டும். நம் நோயாளிகளின் வாயிலிருந்தே கிடைக்கிற பாடம் அது. இன்று பெரும்பாலும் அது கம்பெனிக் கணினியோடு நின்றுவிடுகிறது. கம்பெனிப் பயிற்சிக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கல்லூரியில் கற்றுக்கொண்ட பிறகு போகட்டும், அப்போதுதான் மேடையில் இருப்பவரிடம் கேள்வி கேட்க வரும்.

உங்கள் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் வீடியோவைக் காட்டும்போது, "கம்பெனி அனுப்பிய திட்டத்தில் நீங்கள் எதையெல்லாம் மாற்றினீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். திட்டத்தைத் திறந்து பார்த்தவர் பத்து நிமிடம் பேசுவார்.

அந்த வங்கிப் பெண்ணுக்கு இப்போது கம்பி போட்டுக் கடைவாய்ப் பற்களை நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். அவருடைய பழைய திட்டம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் பெயரை மறைத்து வகுப்பில் காட்டச் சம்மதித்திருக்கிறார். இன்னும் சிலரும் அப்படிச் சம்மதித்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரியாவது இவற்றை வைத்து மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்க நினைத்தால், உங்கள் அலுவலகத்தில் இருக்கும் என் முகவரிக்கு எழுதட்டும். பென்டிரைவில் போட்டு நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)
மதுரை