முதலில் சீட்டைச் சரிபண்ணு, அப்புறம் சாவியைத் திருப்பு

அன்பு மகளுக்கு,

இடது முட்டி வலிக்கிறது, கழுத்து இழுக்கிறது, புனலூரிலிருந்து மலைப்பாதையில் செங்கோட்டை வந்து இறங்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது என்று போனில் சொன்னாய். சின்ன கார், அப்படித்தான் இருக்கும் என்று நீயே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாய். அது காரணமே கிடையாது. அதே மாதிரி சின்ன வண்டியை வாடகைக்கு நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் நம் ஸ்டாண்டிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்! போனில் விளக்கினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டே இதைப் படி. படிக்கப் படிக்க ஒவ்வொன்றாகச் செய்.

நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். வாரம் முழுக்க வண்டி மாப்பிள்ளை கையில். அவர் ஆறடி, நீ ஐந்தடியைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு அவசர அவசரமாக ஏறுகிறாய், சீட்டை மட்டும் முன்னால் இழுக்கிறாய், கிளம்பிவிடுகிறாய். சாய்மானம் அவருக்கு வைத்தது, ஸ்டியரிங் அவருக்கு வைத்தது, கண்ணாடியும் அவர் உயரத்துக்குத்தான். அவர் சாய்ந்து ஓட்டுகிறவர், அந்தச் சாய்மானத்தில் உனக்கு முதுகு ஒட்டாது. ஒட்டாததால் நீ சீட் நுனிக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓட்டுகிறாய். கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

முதலில் பின்பக்கத்தை நன்றாக உள்ளே தள்ளி உட்கார். இடுப்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் இடைவெளியே இருக்கக் கூடாது. இதைச் செய்யாமல் மற்றதையெல்லாம் செய்தாலும் வீண். அப்புறம் கிளட்சை அடி வரைக்கும் மிதி, முழுசாகத் தரையோடு. மிதித்த நிலையில் முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டுவிட்டால் சீட் தூரமாக இருக்கிறது, முட்டி ஸ்டியரிங்குக்கு அடியில் போய் இடித்தால் ரொம்பக் கிட்ட இருக்கிறது. பிரேக்கையும் அதே மாதிரி அழுத்திப் பார். அவசரத்தில் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்க முட்டியில் அந்த மடக்கு இருந்தாக வேண்டும், அதோடு மோதல் நேர்ந்தால் விறைத்த காலில்தான் அடி நேராக இடுப்பு வரைக்கும் ஏறும்.

உன் முட்டி வலிக்கு இந்தக் கிளட்ச்தான் காரணம் என்று அடித்துச் சொல்வேன். தென்மலையிலிருந்து ஆரியங்காவு வரைக்கும் ஏற்றத்தில் லோடு லாரிக்குப் பின்னால் மாட்டினால் எத்தனை தடவை மிதிக்க வேண்டியிருக்கிறது! ஒவ்வொரு தடவையும் நுனிக்காலால் எட்டி எட்டி மிதித்தால் முட்டியும் இடுப்பும் சேர்ந்து இழுபடும். என்னிடம் ஒரு டீச்சர் ஓட்டப் படிக்க வந்தார்கள், உன்னைவிடக் குள்ளம். வேறொரு இடத்தில் பணம் கட்டிப் படித்துவிட்டு, எனக்கு வண்டி வராது என்ற முடிவோடுதான் வந்தார்கள். கியர் போடும்போதெல்லாம் கரகரவென்று சத்தம், நிற்கிற இடத்திலெல்லாம் வண்டி ஆஃப். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் காலை மட்டும் பார்த்தேன். கிளட்ச் முக்கால்வாசிதான் கீழே போகிறது, மீதிக்குக் கால் எட்டவில்லை. சீட்டை இரண்டு பல் முன்னால் நகர்த்தினேன், உயரத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். கரகரப்பு அன்றைக்கே நின்றுவிட்டது. அத்தனை நாள் அவர்களை யாரும் சீட்டைச் சரிபண்ணச் சொல்லவே இல்லை, கையைக் காலை ஒழுங்காக வை என்று திட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் கோபம் உண்டு. பெண்களுக்கு ஓட்ட வராது என்று ஊரில் சொல்கிற பேச்சில் பாதி, ஆண் உயரத்துக்கு வைத்த சீட்டால் வந்தது.

சீட்டை நகர்த்தியதும் அதற்கு அடியில் இருக்கிற கம்பியை விட்டுவிட்டு உடம்பை முன்னும் பின்னும் ஒரு தடவை ஆட்டிப் பார். டக்கென்று பல்லில் விழுந்திருந்தால் அசையாது. அரைகுறையாக நின்றிருந்தால் பிரேக் போடும்போது சீட்டே உன்னோடு நகரும். ஓடும்போது இந்தக் கம்பியைத் தொடவே தொடாதே.

அடுத்து உயரம். கதவுப் பக்கம் ஒரு லீவர் இருக்கும், மேலே இழுக்க இழுக்க சீட் ஏறும். இடுப்பு முட்டியைவிடத் தாழ்ந்து இருக்கக் கூடாது, பானெட் தாண்டி ரோடு நன்றாகத் தெரிய வேண்டும், தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கைமுஷ்டி போகிற இடம் வேண்டும். ஏற்றினால் கால் பெடலிலிருந்து தள்ளிப்போகும், அதனால் தூரத்தை மறுபடியும் பார்க்க வேண்டிவரும், சலித்துக்கொள்ளாதே. தலையணை, மெத்தை எதையும் கீழே போட்டுக்கொள்ளாதே. பிரேக் போட்டால் வழுக்கும், பெல்ட்டும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

சாய்மானத்தை நேராக்கு. குச்சி மாதிரி நிமிர வேண்டாம், லேசாகச் சாய்ந்திருந்தால் போதும். தோள்பட்டை இரண்டும் சாய்மானத்தில் ஒட்டியபடியே கையை நீட்டி ஸ்டியரிங்கின் உச்சியில் வை. மணிக்கட்டு அதன் மேல் படிய வேண்டும். விரல் மட்டும் எட்டினால் சாய்மானம் தூரம், முழங்கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கிட்ட. தோள் முன்னால் வந்தால் கணக்கில்லை, ஏமாற்றாதே! முதுகின் அடிப்பக்கம் குழிந்து வெற்றிடமாக இருந்தால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள். உன் அப்பாவின் ஈரிழைத் துண்டு இதற்கு ரொம்பப் பொருத்தம், அடுத்த தடவை எடுத்துக்கொண்டு போ.

ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு பிடி இருக்கிறதே, அதைத் தளர்த்தினால் மேலும் கீழும் போகும். வட்டம் உன் நெஞ்சைப் பார்த்தபடி இருக்கட்டும், முகத்தைப் பார்க்க வேண்டாம். மீட்டரும் மறையக் கூடாது. இப்போது அளந்து பார். ஸ்டியரிங் நடுவுக்கும் நெஞ்செலும்புக்கும் குறைந்தது 10 அங்குலம், அதாவது ஒரு சாணுக்கு மேல் இருக்க வேண்டும். 2019 ஜூலை 1-லிருந்து தயாரான கார் எல்லாவற்றிலும் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம், உன் வண்டியிலும் இருக்கிறது. அது கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். தள்ளி உட்கார்ந்திருந்தால் தாங்கும், மேலேயே படுத்திருந்தால் அதுவே அடிக்கும். கையை ஒன்பதே கால் மணி முள் மாதிரி இரண்டு பக்கமும் வை. பத்து மணி பத்து நிமிஷ முள் மாதிரி என்று சொல்லிக்கொடுத்ததெல்லாம் பழசு, ஏர்பேக் விரியும்போது கை அதன் வழியில் இருக்கக் கூடாது.

மழைக்காலத்தில் இதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆரியங்காவு பக்கம் மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் எல்லோரும் தங்களை அறியாமல் முன்கண்ணாடியை நோக்கிக் குனிவார்கள், நீயும் குனிவாய், போன ஜூனில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முன்னால் குனிந்தால் ரோடு ஒரு அடி கூடுதலாகத் தெரியப்போவதில்லை. உள்ளே படிந்த ஆவியை ஏசி போட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டுப் போக்கு, வைப்பர் ரப்பரை மாற்று, வேகத்தைக் குறை. முதுகு மட்டும் சீட்டை விட்டு வரக் கூடாது.

கோட்டைவாசல் தாண்டிப் புளியரைக்கு இறங்குகிற எஸ் வளைவில் நீ சரியாக உட்கார்ந்திருக்கிறாயா என்பது தெரிந்துவிடும். உடம்பு சரியாகப் பொருந்தியிருந்தால் இடது காலை ஓரத்தில் இருக்கிற மேடையில் ஊன்றிக்கொண்டு, முதுகை சீட்டில் வைத்துக்கொண்டு, கையால் வெறுமனே திருப்புவாய். பொருந்தாவிட்டால் விழாமல் இருக்கவே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பாய், தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கும். மறுநாள் தோள் வலிப்பது அதனால்தான். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது உனக்குத் தெரியும். கீழேயிருந்து லோடோடு லாரி வந்தால் முன்கூட்டியே ஓரம் ஒதுங்கி நில், அந்த நேரத்தில் தோளைத் தளர்த்திக்கொள்.

கண்ணாடிகளைக் கடைசியாகத்தான் திருப்ப வேண்டும், நீ உட்காருகிற இடம் முடிவான பிறகு. பக்கக் கண்ணாடியில் உன் வண்டியின் உடம்பு ஒரு கீற்று தெரிந்தால் போதும், மீதியெல்லாம் ரோடாக இருக்கட்டும். உள்கண்ணாடியில் பின்கண்ணாடி முழுசும் தெரிய வேண்டும். தென்மலை தாண்டுகிறபோது அதில் கூரை தெரிய ஆரம்பித்தால் கண்ணாடியைத் தொடாதே, நீதான் சரிந்து உட்கார்ந்திருக்கிறாய், நிமிர்ந்துகொள். என் மாணவிகள் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன், தூரப் பயணத்தில் இதைவிட நல்ல காவல் வேறு இல்லை.

பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படியட்டும். மேல்பட்டை கழுத்தை அறுத்தால் கதவுத் தூணில் இருக்கிற கொக்கியைக் கீழே இறக்கு, நீ இத்தனை நாளும் கைக்குக் கீழே போட்டுக்கொண்டு வருகிறாயே, அது வேண்டவே வேண்டாம் ஏட்டி, விலா எலும்பு போய்விடும். அப்புறம் அந்தத் தண்ணீர் பாட்டில். காலடியில் உருட்டிவிடாதே, பிரேக்குக்கு அடியில் போய் மாட்டினால் மிதிக்க முடியாது. வார் இல்லாத செருப்பும் அப்படித்தான், பின்னால் கழற்றிப் போட்டுவிடு.

மாப்பிள்ளைக்கும் ஒன்று சொல். அவருடைய ஹெட்ரெஸ்ட் கழுத்து மட்டத்தில் இறங்கிக் கிடக்கிறது, போன தடவையே கவனித்தேன், அவர் முன்னால் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன். அதன் மேல்விளிம்பு அவர் உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும். பின்னால் ஒரு வண்டி இடித்தால் கழுத்து பின்னால் மடங்காமல் பிடிப்பது அதுதான், தலை வைத்துத் தூங்குவதற்கு வைத்ததில்லை. அதே லீவர்களை இரண்டு பேரும் மாற்றி மாற்றி நகர்த்தத்தான் வேண்டும், யாரும் யாரையும் குறைசொல்ல வேண்டாம். உன் அளவு எந்தப் பல்லில் நிற்கிறது என்று எண்ணி வைத்துக்கொண்டால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இடையில் தென்மலையில் நிறுத்தி இறங்கி நட, டீ குடிக்காவிட்டாலும் நட. இதெல்லாம் செய்தும் முட்டி வலி நிற்கவில்லை, அல்லது இடுப்பிலிருந்து காலுக்கு மரத்துக்கொண்டு இறங்குகிறது என்றால், தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் எலும்பு டாக்டரைப் பார். அதுவரைக்கும் மாப்பிள்ளையே ஓட்டட்டும், அல்லது புனலூரில் ரயில் ஏறி வந்துவிடு, ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

அம்மா