ரேடார் எண், மூச்சு எண், டயர் தடம்: நண்பனுக்கு ஒரு பதில்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷம் சொத்து வழக்குகளோடு மல்லுக்கட்டிவிட்டு இப்போது வண்டி ஓட்டுகிறவர்களுக்காக வாதாட இறங்கியிருக்கிறாய். எனக்கு அதில் நிஜமான சந்தோஷம். சின்ன வழக்கு என்று பலர் ஒதுக்கித் தள்ளுகிற வேலை இது. உரிமம் போனால் பிழைப்பே போய்விடும் என்று வந்து நிற்கிற லாரி டிரைவருக்கு அது சின்ன வழக்கு இல்லை.

கேஸ் கட்டைப் பிரித்ததும் கண் போலீஸ்காரரின் வாக்குமூலத்துக்குத்தான் போகும். அதைப் பிறகு படி. முதலில் எண்ணைத் தேடு. மணிக்கு இத்தனை கிலோமீட்டர், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் மது என்று ஓர் எண் இருக்கும். வழக்கே அதன் மேல்தான் நிற்கிறது. எந்தக் கருவி, அதன் வரிசை எண் என்ன, கடைசியாக என்றைக்கு அளவு சரிபார்த்தார்கள், அன்று பணிக்கு முன்னும் பின்னும் சோதித்த பதிவு உண்டா, பிடித்தவருக்குப் பயிற்சி உண்டா என்று விசாரணைக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடு. சான்றிதழில் உள்ள வரிசை எண்ணையும் பதிவேட்டில் உள்ள எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார். கூண்டில் நிற்கிற சாட்சியிடம் முதன்முறையாகக் கேட்டால், "எல்லாம் சரியாக இருந்தது" என்ற பதில்தான் வரும்.

வேகம் அளக்கும் ரேடாரில் கோணப் பிழை, அதாவது வண்டி வரும் திசைக்குச் சாய்வாக நின்று அளப்பதால் வரும் பிழை இருக்கிறதே, அதை வைத்து வாதாடலாமா என்று கேட்டிருந்தாய். கருவி சாலையோரம் அசையாமல் நின்றிருந்தால் அந்த வாதத்தைத் தொடாதே. கோணம் கூடக் கூடக் கருவி குறைத்துத்தான் காட்டும். 100 கிலோமீட்டரில் வருகிற வண்டியை 20 பாகைக் கோணத்தில் பிடித்தால் 94 என்று காட்டும். லாபம் உன் கட்சிக்காரருக்கு. அதை நீயே எடுத்துச் சொன்னால், நிஜ வேகம் இன்னும் அதிகம் என்று நீயே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஓடுகிற ரோந்து வண்டியிலிருந்து பிடித்திருந்தால் கதை தலைகீழ். கருவி இரண்டு வண்டிகளும் நெருங்குகிற வேகத்தை அளந்து, அதிலிருந்து தன் வண்டியின் வேகத்தைக் கழிக்கிறது. ரோந்து வண்டி 80, எதிர் வண்டி 70 என்றால் நெருங்கும் வேகம் 150. தன் வேகத்தைச் சாலையிலிருந்து திரும்பும் அலையை வைத்து எடுக்க வேண்டிய கருவி, முன்னால் போகிற லாரியின் முதுகில் பட்டுத் திரும்பும் அலையைப் பிடித்துக்கொண்டு 60 என்று எடுத்தால், 150இல் 60 போக 90. சட்டப்படி ஓட்டியவர் 90இல் மாட்டிக்கொள்கிறார். அதனால் அந்த நொடியில் ரோந்து வண்டியின் ஸ்பீடோமீட்டர் என்ன காட்டியது, கருவியின் திரையில் ரோந்து வேகம் என்ன, முன்னால் பெரிய வண்டி ஏதும் போனதா என்ற மூன்றையும் கேள்.

எந்த வண்டியை அளந்தது என்பது அடுத்த சங்கதி. 12 பாகை அகலமுள்ள ரேடார் கற்றை 300 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 63 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். எல்லாத் தடங்களும் அதற்குள் அடக்கம். முன்னால் வரும் மோட்டார் சைக்கிளைவிடப் பின்னால் வரும் பேருந்து பலமாக எதிரொலிக்கும். லேசர் துப்பாக்கியின் கற்றை அதே தூரத்தில் ஒரு மீட்டர் அளவுதான், அங்கே ஆள் மாறாட்டம் குறைவு. ஆனால் அது தூரம் மாறுவதை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. கை அசைந்து குறி முன்கண்ணாடியிலிருந்து பம்பருக்கு வழுக்கினால், வண்டி வராத தூரமும் கணக்கில் சேரும். 0.3 விநாடியில் ஒன்றரை மீட்டர் வழுக்கினால் வேகத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் கூடுதல். நல்ல கருவிகள் இப்படிப்பட்ட அளவை நிராகரித்துவிடும், எல்லாவற்றையும் அல்ல. முக்காலியில் வைத்தாரா, கையில் பிடித்தாரா, எந்த இடத்தில் குறி வைத்தார் என்று கேள்.

கேமரா படம் என்றால் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நேரே அந்த இடத்துக்குப் போ. அரை விநாடி இடைவெளியில் இரண்டு படம் இருக்கும். 72 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அந்த இடைவெளியில் 10 மீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொடும் புள்ளியை வைத்து அள. கூரையையோ கண்ணாடியையோ சாலைக் கோட்டோடு ஒப்பிட்டால் கேமராவின் பார்வைக் கோணம் ஏமாற்றிவிடும். போன கையோடு வேக எல்லைப் பலகையையும் ஓட்டுநரின் கண் உயரத்திலிருந்து படம் எடு. பலகையை மறைக்கிற மரக்கிளையை நாளைக்கே வெட்டிவிடுவார்கள்.

மூச்சுப் பரிசோதனைக்கு வருகிறேன். கருவி ரத்தத்தை அளப்பதில்லை. மூச்சில் உள்ள மதுவை அளந்து, ரத்தத்தில் அது எத்தனை மடங்கு இருக்கும் என்ற ஒரு விகிதத்தால் பெருக்குகிறது. அமெரிக்காவில் 2100, பிரிட்டனில் 2300 என்று வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை இது மாறும். இதைவிடப் பெரிய ஓட்டை வாயில் தங்கும் மதுதான். இப்போதுதான் குடித்தவர், ஏப்பம் விட்டவர், வாந்தி எடுத்தவர் ஊதினால் நுரையீரல் மூச்சோடு வாய் மதுவும் சேர்ந்து எண்ணை ஏற்றிவிடும். அதனால்தான் ஊத வைப்பதற்கு முன் 15 நிமிஷமாவது ஆளைக் கண்காணிக்க வேண்டும் என்பது நடைமுறை. வண்டியை நிறுத்திய நேரமும் கருவி அச்சிட்ட சீட்டின் நேரமும் 6 நிமிஷ இடைவெளியில் இருந்தால் அந்தக் கண்காணிப்பு நடக்கவே இல்லை. வேறு பேச்சு தேவையில்லை. கருவியின் கடிகாரம் சரிதானா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்.

ரத்த மாதிரி என்றால் குப்பியில் ரத்தம் கெடாமல் காக்கும் சோடியம் ஃபுளோரைடு இருந்ததா, எந்தக் குளிர்ப்பெட்டியில் எத்தனை நாள் இருந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பார். ஃபுளோரைடு இல்லாமல் வெயிலில் கிடந்த ரத்தத்தில் நுண்ணுயிர் புளிக்கவைத்து மதுவை உண்டாக்க முடியும். மருத்துவமனை சீரத்தை, அதாவது அணுக்களைப் பிரித்தெடுத்த ரத்த நீரை மட்டும் அளந்திருந்தால், முழு ரத்தத்தைவிட அதில் எண் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடுதலாக வரும். ஊசி குத்துமுன் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்கள் என்ற வாதம் பழசு. அதனால் வரும் மாற்றம் மிகச் சிறிது, அதை வைத்து நேரத்தை வீணாக்காதே.

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த மாதிரியை வைத்து ஓட்டிய வேளையின் அளவைப் பின்னோக்கிக் கணிப்பார்கள். உடல் 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு மணிக்கு 10 முதல் 25 மில்லிகிராம் வரை மதுவைக் கரைக்கும். ஆய்வகத்தில் 40 வந்திருந்தால் ஓட்டியபோது 60ஆகவும் இருந்திருக்கலாம், 90ஆகவும் இருந்திருக்கலாம். சட்ட எல்லை 80 என்றால் நிபுணர் எந்த விகிதத்தை எடுத்தார், ஏன் எடுத்தார் என்பதே வழக்கு. ஓட்டும்போது மது இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கே செல்லாது.

பிரேக் போட்டபோது சாலையில் விழுந்த டயர் தடத்துக்கும் இதே வைத்தியம். 20 மீட்டர் தடம், சாலையின் பிடிப்பு (உராய்வு எண்) 0.7 என்று வைத்தால் வேகம் 60 வரும். ஈரச் சாலை என்று 0.5 வைத்தால் 50தான். பிரேக்கில் பின்சக்கரம் மட்டும் சுழலாமல் நின்றுவிட்ட மோட்டார் சைக்கிளுக்கு 0.35 வைத்தால் 42. தடத்தை அளந்தவர் பின்சக்கரத் தடத்தின் தொடக்கத்திலிருந்து முன்சக்கரத் தடத்தின் முடிவு வரை டேப்பைப் போட்டிருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளமும் சேர்ந்திருக்கும். கழிக்கச் சொல்.

எல்லாம் பார்த்த பிறகும் எண் உறுதியாக நின்றால் கட்சிக்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிடு. முன்கூட்டியே குற்றத்தை ஒப்புக்கொண்டு, வேலை, குடும்பம், பழைய வழக்கு இல்லாமை ஆகியவற்றுக்கான ஆவணங்களோடு தண்டனையைக் குறைக்கக் கேட்பது அவருக்கு நல்லது. பொய்யான நம்பிக்கைக்கு அவர் பணம் கட்டக் கூடாது.

நீ சொன்ன அந்த லாரி வழக்கில் கருவியின் சான்றிதழ் நகலையும் அன்றைய சோதனைப் பதிவையும் கேட்டு இந்த வாரமே மனுப் போடு. கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. அடுத்த வாய்தாவுக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதிவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்