போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன் ஒரு மடல்

திருகோணமலை மாவட்டத்தில் குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்கள் காணி வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது நாங்கள்தான்.

விதைப்புக்கு முன் நடக்கும் ஒவ்வொரு போக ஆரம்பக் கூட்டத்திலும் ஒரே கணக்கு: குளத்தில் இவ்வளவு தண்ணீர், வழமையாக இவ்வளவு மழை, ஆகவே இத்தனை ஏக்கர் விதைக்கலாம். அந்த ‘வழமை’தான் எங்களைக் கவிழ்க்கிறது. 2011 தொடக்கத்தில் கிழக்கு மாகாணத்தில் பெரும்போக (மாரிக்கால) நெல்லை வெள்ளம் கொண்டுபோனது. 2016 கடைசியில் மழை பொய்த்து, 2017 இல் குளங்கள் வற்றின. இரண்டையும் கூட்டிப் பிரித்தால் ஒரு சராசரி வருடம் வரும், ஆனால் அந்த வருடத்தில் யாரும் விதைத்ததும் இல்லை, அறுத்ததும் இல்லை.

எல் நினோ வருடங்களில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை கூடி, தைக்குப் பிறகு குறைவது இலங்கையில் அடிக்கடி நடக்கிறது. அப்படிப்பட்ட வருடத்தில், மார்கழியில் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று, அடுத்து வரும் சிறுபோகத்துக்கு (கோடைப் பயிருக்கு) முழுக் காணிக்கும் உறுதி கொடுத்துவிட்டால், பிறகு கதிர் வரும் நேரத்தில் முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டி வரும், அந்த முறை எங்கள் வரம்பு வரைக்கும் வந்து சேராது.

உங்கள் வேலை லேசில்லை, தெரியும். வெள்ளத்துக்குப் பயந்து குளத்தை இறக்கினால் சிறுபோகத்துக்குக் குறையும், இறக்காமல் விட்டால் கீழே ஊர் மூழ்கும். மகாவலி கடலில் சேர்வது எங்கள் கொட்டியாரக் குடாவில், மலைநாட்டு மழையும் இங்கேதான் வந்து இறங்குகிறது. கந்தளாய்க்குளமோ வயலுக்கும் வேண்டும், குடிநீருக்கும் வேண்டும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அந்தக் கட்டு உடைந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அது மழையால் உடைந்ததில்லை, ஆனாலும் இன்றைக்கும் குளம் நிரம்பினால் அப்பா சரியாகத் தூங்குவதில்லை.

அதனால்தான் கேட்கிறேன், ஒரு கணக்கோடு வராதீர்கள். மழை கூடினால் எத்தனை ஏக்கர், குறைந்தால் எத்தனை, இடைநடுவில் என்றால் எத்தனை என்று மூன்றையும் வையுங்கள். வானிலைத் திணைக்களம் மூன்று மாதத்துக்கான எதிர்வுகூறலை வெளியிடுகிறதே, அதைக் கூட்டத்திலேயே வாசித்துக் காட்டுங்கள். எந்தத் திகதியில் குளம் எத்தனை அடிக்குக் கீழே இருந்தால் மூன்று மாத நெல்லுக்கு மாறுவது, எப்போது பயறு, உழுந்து என்று போவது என்பதை விதைக்கு முன்னரே எழுதி வைத்தால், பிறகு சண்டை குறையும். அப்புறம், வான்கதவு திறக்குமுன் தமிழிலும் சிங்களத்திலும் குறுஞ்செய்தி வரட்டும், கடைசி வாய்க்கால்காரருக்கும் சேர்த்து.