கணவர் குவைத்தில் பணியில் இருந்தபோது உடன் நின்றவர்களுக்கு நன்றி மடல்

அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள ஃபோர்ட் ஹூட் ராணுவ முகாமின் சட்ட உதவி அலுவலக வழக்கறிஞர்களுக்கும், அங்கே இலவசமாக வருமான வரிக் கணக்கு எழுதித் தந்த தன்னார்வலர்களுக்கும், என் கணவரின் ராணுவக் கம்பெனியில் வீரர்களின் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் குடும்ப ஆயத்தக் குழுச் சகோதரிகளுக்கும் என் பணிவான வணக்கம்.

என் கணவர் குவைத்துக்குப் புறப்பட்ட நாள் தொட்டுத் திரும்பி வரும் வரை, வாடகை வீடு, வருமான வரி, என் குடியுரிமை விண்ணப்பம் என மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் என் தலையில் விழுந்தன. மூன்றும் நல்லபடியாக முடிந்துவிட்டன. ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனியே எழுதிக் கொடுத்திருந்தும் தமிழில் மறுபடி எழுதுவது, இந்நாட்டுப் படையில் உள்ள தமிழ்க் குடும்பங்களும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். 2009இல் தொடங்கி 2016இல் ஆள்சேர்ப்பை நிறுத்திய, குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரையும் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தில், ராணுவத்துக்குத் தேவையான மொழிகளில் ஒன்றாகத் தமிழும் இருந்தது. மாணவர் விசாவில் வந்த என் கணவர் அவ்வழியாகவே படையில் சேர்ந்து குடியுரிமையும் பெற்றார்.

நாங்கள் இருவரும் சட்ட உதவி அலுவலகத்துக்கு முதலில் போனது பொதுப் பவர் பத்திரம் ஒன்று வாங்கிக்கொள்ளத்தான். அங்கிருந்த கேப்டன், எல்லா அதிகாரத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் பல வங்கிகள் ஏற்கத் தயங்கும் என்று எடுத்துச் சொல்லி, வீட்டுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, வரித்துறைக்கு ஒன்று எனத் தனித்தனியாகத் தயாரித்து, ஒவ்வொன்றிலும் காலாவதித் தேதி இட்டு, அங்கேயே நோட்டரி முத்திரையும் வைத்துக் கொடுத்தார். உயிலும் அன்றே எழுதப்பட்டது. புறப்படுகிற பிள்ளைக்கு உயில் என்ன பேச்சு என்று ஊரிலிருந்து மாமியார் வருந்தினார்கள். ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் அது இல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவை எதற்கும் ஒரு டாலர்கூடக் கட்டணம் இல்லை.

பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு, ஹார்க்கர் ஹைட்ஸில் தோழியின் வீட்டருகே சிறிய வீடு பார்த்திருந்தோம். ஒப்பந்தக் காலம் முடியாததால் இரண்டு மாத வாடகையை அபராதமாகக் கட்ட வேண்டும் என்று வீட்டு நிர்வாகி கண்டிப்பாகச் சொன்னார். 2003ஆம் ஆண்டின் படைவீரர் உரிமையியல் நிவாரணச் சட்டத்தின்படி, 90 நாளுக்குக் குறையாத பணிக்குப் படைப்பிரிவோடு அனுப்பப்படுபவர், எழுத்து மூலம் அறிவிப்பும் ஆணையின் நகலும் கொடுத்தால், அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடிந்துவிடும். முன்கூட்டி விலகியதற்கான அபராதம் கேட்க இடமில்லை. உடன் கையெழுத்திட்ட மனைவியின் பொறுப்பும் அதோடு நீங்கிவிடும். இதை ஒரே பக்கத்தில் எழுதி, ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னது உங்கள் அலுவலகம். அதன் பிறகு அபராதப் பேச்சே எழவில்லை.

வரிக் கணக்கில் உதவிய ஓய்வுபெற்ற சார்ஜெண்ட் ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். குவைத் போர் மண்டலமாக அறிவிக்கப்பட்ட பகுதி என்பதால், அங்கே மாதத்தில் ஒரு நாள் இருந்தாலும் அந்த மாதச் சம்பளம் முழுவதற்கும் என் கணவரைப் போன்ற படைவீரர்களுக்கு வருமான வரி கிடையாது. அவர் அங்கே இறங்கியது மாதக் கடைசியில். ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவத்தின் 12ஆம் கட்டத்தில், கியூ என்ற எழுத்துக்கு எதிரே இருந்த தொகையைச் சம்பளச் சீட்டுகளோடு வைத்து விரலால் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்த ஐயா, அந்த முதல் மாதம் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்து, திருத்திய படிவம் வாங்கிவரச் சொன்னார். வரி இல்லாத அந்தச் சம்பளத்தை, குறைந்த வருவாயுள்ள உழைப்பாளிகளுக்கான உழைப்பு வருவாய் வரிச்சலுகைக்கு மட்டும் சேர்த்தும் சேர்க்காமலும் இருமுறை கணக்கிட்டு, எங்களுக்கு ஆதாயமானதை வைத்தார். போர் மண்டலத்தை விட்டு வந்தபின் குறைந்தது 180 நாள் வரை கணக்குத் தாக்கல் செய்ய அவகாசம் உண்டு என்றாலும், குடியுரிமை விண்ணப்பம் இருப்பதைக் கேட்டறிந்து, இப்போதே முடித்துவிடுங்கள் என்றார். கணவர் போர் மண்டலத்தில் இருப்பதாக நான் எழுதிக் கையொப்பமிட்ட தாளை இணைத்து, கூட்டுக் கணக்கில் இருவருக்குமாக நானே கையெழுத்திட்டேன்.

அந்தக் கூட்டுக் கணக்குதான் சான் அன்டோனியோவில் நடந்த நேர்காணலில் எனக்குக் கை கொடுத்தது. குடிமகனின் மனைவி என்ற முறையில் நிரந்தரக் குடியிருப்பு பெற்ற மூன்றாண்டில் விண்ணப்பிக்கலாம் என்ற விதிப்படி விண்ணப்பிப்பவர் கணவருடன் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அவர் அங்கும் நான் இங்குமாக இருப்பது இதைக் கெடுத்துவிடுமோ என்று கலங்கியிருந்தேன். படைப்பணியால் நேர்ந்த பிரிவு எவ்வளவு நீண்டாலும் அது சேர்ந்து வாழ்வதை முறிப்பதாகாது என்ற விதியை உங்கள் சட்ட உதவி அலுவலகத்துப் பெண் வழக்கறிஞர் அச்செடுத்து, பணி ஆணைக்கு மேலே வைத்துக் கோப்பைக் கட்டிக் கொடுத்தார். கணவர் எங்கே என்று கேட்ட அதிகாரி, ஆணையையும் வரிக் கணக்கையும் பார்த்தபின் அதுபற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. படைவீரர் தம் பணியின் பேரில் விண்ணப்பித்தால் கட்டணம் இல்லை, மனைவி மட்டும் கட்ட வேண்டும் என்பது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. அது உங்கள் கையில் உள்ளதும் அன்று.

இந்தியச் சட்டம் தங்கள் வரம்பில் வராது என்று நேர்மையாகச் சொன்னதற்கும் நன்றி. வெளிநாட்டுப் படையில் பணிபுரிபவருக்கும் ஓய்வுபெற்றவருக்கும் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை கிடையாது என்பதை ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகத்தில் விசாரித்துக்கொண்டோம்.

குழுச் சகோதரிகளே, நேர்காணல் நாளில் குழந்தையை விடியலிலேயே வாங்கிக்கொண்டு என்னை வழியனுப்பினீர்கள். அடுத்த படைப்பிரிவு புறப்படுமுன், பவர் பத்திரம் எழுத வரும் தமிழ்க் குடும்பம் எதற்கேனும் மொழித்துணை வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், உடனே வருகிறேன்.

நன்றியுடன்,
ஒரு படைவீரரின் மனைவி
ஹார்க்கர் ஹைட்ஸ், டெக்சாஸ்