நீர் வரும் வழியையும் போகும் வழியையும் காட்டியவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்திவந்த ஞாயிற்றுக்கிழமை நீர் வகுப்பின் முதல் ஆண்டு இம்மாதம் நிறைவடைந்தது. வகுப்பு என்று பெயர் வைத்தோமே தவிர, கரும்பலகைக்கு முன் நடந்தது மிகக் குறைவு; பெரும்பாலான பாடங்கள் மொட்டை மாடிகளிலும் கிணற்றடிகளிலும் ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர் வடிகால்களின் ஓரங்களிலும்தான் நடந்தன. அவற்றை நடத்தியவர்களில் பலர் ஆசிரியர்களும் அல்லர். நேரில் சொன்ன நன்றி போதாது என்று தோன்றியதால் இம்மடலைப் பொதுவில் வைக்கிறோம்.

குடிநீர் வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயாவுக்கு முதல் நன்றி. 2024 மார்ச்சில் இந்நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது, குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாரியம் அறிவித்தது பிள்ளைகளுக்கு நினைவிருந்தது. காரணம் மட்டும் தெரியவில்லை. சிக்கனம் பற்றி ஓர் அறிவுரையும் சொல்லாமல் ஐயா வரைபடத்தை விரித்தார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்வூருக்கு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து, காவிரி நீர் கட்டங்கட்டமாகப் பம்பு செய்யப்பட்டு ஏறத்தாழ 500 மீட்டர் மேலேற்றப்பட்டு வருகிறது என்பதையும், அதற்கான மின்கட்டணமே வாரியத்தின் பெருஞ்செலவுகளில் ஒன்று என்பதையும் அவர் விளக்கிய பிறகு, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பல் துலக்குவதைப் பற்றி நாங்கள் தனியாகப் பேச வேண்டியிருக்கவில்லை.

அவர் காட்டிய இன்னொன்று பெரியவர்களான எங்களுக்கே புதிது. பெங்களூரு ஒரு மேட்டு முகட்டின்மீது அமைந்திருக்கிறது. மேற்குச் சரிவில் பெய்யும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து காவிரிக்குப் போகிறது. எங்கள் அல்சூர் ஏரியிலிருந்து வெளியேறும் நீரோ பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணைக்கும், அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூர்க் கரைக்கும் செல்கிறது. காவிரி என்றால் குரல் உயர்த்தும் நாம் தென்பெண்ணையைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் தாத்தா வீடுள்ள ஒரு சிறுமி, நாம் இங்கே கொட்டும் சோப்புத் தண்ணீர் தாத்தா ஊருக்குப் போகுமா என்று கேட்டாள். போகும் என்றார் ஐயா. கெலவரப்பள்ளியில் நுரை பொங்கும் படங்களை அவள் அன்று மாலையே வீட்டில் எல்லோருக்கும் காட்டியதாக அவள் தாயார் கூறினார்.

கிணறு வெட்டுவதைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட மண்ணு வட்டர் சமூகத்து அண்ணன்மாருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. மீள்நிரப்புக் கிணறு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்த பிள்ளைகள், மூன்றடி அகலக் குழிக்குள் ஒருவர் இறங்கி, மண்ணின் நிறம் மாறும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளி மேலே அனுப்பியதைப் பார்த்தபோதுதான் அதைப் புரிந்துகொண்டார்கள். சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய அவர்கள், இடைவெளிகளைப் பூசாமல் விட்டதற்கும் அடியில் தளம் போடாததற்கும் காரணம் கேட்ட பிள்ளைகளுக்கு, வேலை நேரம் வீணாகிறதே என்று சலிக்காமல், தெலுங்கும் கன்னடமும் கொஞ்சம் தமிழும் கலந்து பதில் சொன்னார்கள். மாடி மழைநீர் வடிகட்டித் தொட்டி வழியாக இக்கிணற்றில் இறங்கி, பக்கவாட்டிலும் அடியிலும் கசிந்து மண்ணுக்குள் போக வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை லால்பாக் பாறைமீது நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்த நிலவியல் பேராசிரியை அம்மாவுக்கும் நன்றி. ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழைமையுள்ள இக்கடினப் பாறை நகரத்தின் அடியெங்கும் பரந்திருப்பதால், நீர் தங்குவதற்கு மேலேயுள்ள சிதைந்த மண்ணடுக்கும் பாறை வெடிப்புகளும் மட்டுமே இடம் தருகின்றன என்றும், ஆயிரம் அடிக்கும் கீழே போர்வெல் இறக்குபவர் மிகப் பழைய சேமிப்பை எடுக்கிறார் என்றும் அவர் சொன்னதைக் கேட்டு, உடன் வந்திருந்த கட்டட மேஸ்திரி ஒருவர் நெடுநேரம் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தார்.

தம் மாடியை அளக்கவிட்ட வீட்டு உரிமையாளர் கன்னடக்காரர். எங்கள் தமிழ் வகுப்பு என்று தள்ளி நில்லாமல் தம் பேரனையும் சேர்த்துவிட்டார். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஊரில் 1,000 சதுர அடி மாடியில் 80,000 லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது என்று கணக்குப் போட்டு முடித்த பேரன், நம் வீட்டில் இது எங்கே போகிறது என்று கேட்ட கேள்விக்கு விடையாகத்தான் அவ்வீட்டின் கிணறு வெட்டப்பட்டது. தண்ணீர் நிரப்பும் இடத்தைக் காட்டிய டேங்கர் லாரி ஓட்டுநர், மழை நாளில் தம் கூடத்தைத் திறந்துவிட்ட தேவாலயத்தார், வாரந்தோறும் தேநீர் அனுப்பிய கடைக்கார அண்ணாச்சி, பிள்ளைகளை அழைத்துவந்த பெற்றோர் ஆகிய அனைவருக்கும் நன்றி.

அடுத்த சுற்று வகுப்புகள் பருவமழைக்கு முன் தொடங்கும். அக்கிணற்றின் நீர்மட்டத்தைப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை அளந்து எழுதும் ஏடு வீட்டு உரிமையாளரிடமே உள்ளது; பார்க்க விரும்புவோர் ஞாயிறு காலைகளில் வரலாம் என்று அவரே சொல்லச் சொன்னார்.

நன்றியுடன்,
ஞாயிறு நீர் வகுப்பு ஒருங்கிணைப்பாளர்கள்
அல்சூர், பெங்களூரு