புத்தக அலமாரிக்கு எத்தனை நூல் கனத்தில் பலகை?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். 4 அடி அகலம், 6 அடி உயரம், 5 தட்டு, எல்லாமே 12 எம்எம் பிளைவுட். அகலம், உயரம் பற்றிப் பேச்சில்லை. கனம்தான் இடிக்கிறது. ஆனால் கனத்தைக் கூட்டுவதற்கு முன் தட்டின் நீளத்தைக் குறை.

ஓர் அடிக்குப் புத்தகம் அடுக்கினால் சுமார் 10 கிலோ. 4 அடித் தட்டில் 40 கிலோ. 12 எம்எம்மை 18 ஆக்கினால் வளைவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும். அதே 12 எம்எம்மில் நடுவே ஒரு நெட்டுப் பலகை நிறுத்தித் தட்டை இரண்டாகப் பிரித்தால் வளைவு பதினாறில் ஒரு பங்கு! கடைக்காரர் "25 போட்டுக்குங்க" என்றால் தலையாட்டாதே. 8க்கு 4 ஷீட் 18 எம்எம்மிலேயே 30 கிலோவுக்கு மேல் வரும். உன் மாடிப்படியை நினைத்துக்கொள்.

அப்படியானால் 12 போதாதா என்பாய். வளைவுக்குப் போதும், ஸ்க்ரூவுக்குப் போதாது. தட்டின் வெட்டுமுனையில் 4 எம்எம் ஸ்க்ரூ இறங்கினால் மேலும் கீழும் 4 எம்எம்தான் மிச்சம். அடுக்கு பிரிந்து உப்பிவிடும். 18இல் 7 எம்எம் நிற்கும். அதனால் பக்கம், நடுப்பலகை, தட்டு மூன்றுக்கும் 18, அதாவது ஆசாரி கணக்கில் 6 நூல் (ஓர் இஞ்சுக்கு 8 நூல்). முதலில் 2.5 எம்எம் துளை போட்டுவிட்டு 50 எம்எம் ஸ்க்ரூ ஏற்று: பக்கப் பலகையில் 18, தட்டுக்குள் 32.

நடுப்பலகையில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பக்கத் தட்டும் ஒரே உயரத்தில் வந்தால், ஒன்றை முடுக்கிய பிறகு மற்றதற்கு ஸ்க்ரூ போட இடம் இருக்காது. ஒரு பக்கத்தை 2 இஞ்சு ஏற்றி வை. ஒரே மட்டம்தான் வேண்டுமென்றால் அடியில் முக்கால் இஞ்சு ரீப்பர் (சன்ன மரச்சட்டம்) அடித்து அதன்மேல் தட்டை உட்கார வை. ரீப்பருக்கு 30 எம்எம் ஸ்க்ரூ போதும். 40 போட்டால் மறுபக்கம் மூக்கை நீட்டும்.

தட்டின் நீளம் ஷீட்டின் 8 அடி நீளவாக்கிலேயே வரும்படி வெட்டச் சொல். மேல் அடுக்கின் மர ரேகை பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் ஓடும். குறுக்கே வெட்டிய தட்டு அதே கனத்திலும் சீக்கிரம் தொய்யும். (தொய்ந்ததைக் கவிழ்த்துப் போடுவார்கள். சில மாதம் நிமிர்ந்திருக்கும், பிறகு இந்தப் பக்கமும் தொய்யும்.)

முதுகுக்கு 6 எம்எம் போதும், ஆனால் இல்லாமல் விடாதே. முதுகு இல்லாத அலமாரியைத் தோளால் இடித்தால் சாய்சதுரமாகும். 6 இஞ்சுக்கு ஓர் ஆணி.

பிற்பாடு கதவு வைக்கும் எண்ணம் இருந்தால் அதுவும் 18தான். கப் கீலுக்கு 35 எம்எம் அகலத்தில் சுமார் 12 எம்எம் ஆழம் குடைய வேண்டும். 12 எம்எம் கதவில் அது நேராக ஓட்டைதான்.

தேக்குப் பலகை வாங்குவதானால் கணக்கு வேறு. 1 இஞ்சு என்று வாங்கியது இரு பக்கமும் இழைத்த பிறகு 6, 7 நூல்தான் நிற்கும். முழு 1 இஞ்சு வேண்டுமென்றால் ஒன்றேகால் இஞ்சாக அறுக்கச் சொல்ல வேண்டும்.

வெட்ட ஆரம்பிக்காதே, பொறு. 18 என்று முத்திரை இருந்தாலும் ஷீட் 17.2 இருக்கலாம். உள் தட்டின் நீளம் 1220இல் (4 அடி, எம்எம் கணக்கில்) மூன்று நெட்டுப் பலகைக் கனம் போக மீதியில் பாதி: 18 என்றால் 583. நிஜம் 17.2 ஆனால் 584.2 வேண்டும், ஒவ்வொரு தட்டிலும் 1.2 எம்எம் இடுக்கு விழும். ஷீட் வந்ததும் நான்கு மூலையிலும் வெர்னியர் வைத்து அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. வெட்டுக் கணக்கை அதைப் பார்த்து எழுதுகிறேன்.

அப்பா